மணி சேர்க்கும் விளையாட்டு

தமிழில் 'மணி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. ஒளி வீசும் கல்லும் மணி. கோயிலில் ஒலிப்பதும் மணி. நெற்கதிரில் விளைவதும் மணி. கடிகாரம் காட்டும் பொழுதும் மணி. ஒரே சொல் கல்லையும் காலத்தையும் குறிப்பதைப் பள்ளியில் படித்த நாளில் நாம் வியந்ததில்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னர், கணிப்பொறித் திரையில் வண்ண மணிகளை இடம் மாற்றி அடுக்கும் ஒரு சிறு விளையாட்டு நம்மைப் பற்றிக்கொண்டது. அப்போதுதான் அவ்விரண்டு மணிகளுக்கும் உள்ள உறவு நமக்கு விளங்கிற்று. முதல் மணியைச் சேர்க்கச் சேர்க்க இரண்டாம் மணி கரைந்து போகின்றது. அதைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றோம்.

நாம் வாழ்வது திருவனந்தபுரத்துச் சாலையில். சாலை என்றால் வெறும் வழி என்று வெளியூரார் நினைக்கலாம். இவ்வூராருக்கோ அது ஒரு பெரிய கடைத்தெருவின் பெயர். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் அத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசர். அவர் தொண்டு செய்தது, 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்ட, தரும ராஜா எனப் பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மரிடம். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அரிசியும் மிளகாயும், வெல்லமும் வெண்கலமும், தோவாளையிலிருந்து வரும் பூவும் இங்கே விலையாகி வருகின்றன. தமிழும் மலையாளமும் ஒரே பேரத்தில் கைகோத்து நடக்கும் இடம் இது. இரு மொழிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தமையால்தானோ என்னவோ, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியே நமக்கு வாய்த்தது.

சாலைக்கு மேற்கே, பத்மநாப சுவாமி கோயிலின் எதிர்ப்புறத்தில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. 'மேத்தன் மணி' என்று அதை ஊரார் அழைப்பர். தாடி வைத்த மனித முகம் ஒன்று. அதன் இரு பக்கங்களிலும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி நிறையும்போது அம்முகம் வாய் திறக்கும். கடாக்கள் ஓடி வந்து இரு கன்னங்களிலும் முட்டும். இங்ஙனம் அப்பொறி அமைக்கப்பட்டுள்ளது. சிறுவயதில் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு அக்காட்சிக்காகக் காத்து நின்றதுண்டு. காலத்தை மறந்து நிற்பவனைக் கடா வந்து முட்டும் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். அவ்வேடிக்கையில் இருந்த உண்மையை நாம் மிகவும் பிந்தியே உணர்ந்தோம்.

மணி என்னும் கல்லுக்கும் இவ்வூருக்கும் உறவு நெருக்கமானது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் சில பகுதிகளில் பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு ஓடும் வைடூரியம் கிடைப்பதுண்டு. அதே கனிம இனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டிரைட் என்னும் கல்லும் இப்பகுதிகளில் கிடைத்துள்ளது. பகலொளியில் பச்சையாகவும் விளக்கொளியில் செம்மையாகவும் தோன்றும் விந்தைக் கல் அது. உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகளை 2011ஆம் ஆண்டில் திறந்தபோது, அங்கிருந்த பொன்னும் மணியும் உலகத்தின் பேச்சாயின. இன்னும் பின்னே சென்றால், சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதியைக் காண்கின்றோம். மணிகளின் குற்றமும் குணமும் அறிந்து விலை கூறும் வணிகரை அங்கே அடிகள் காட்டுகின்றார். ஆகவே, வண்ணத்தையும் வடிவத்தையும் கண்டு கல்லை இனம் பிரிக்கும் தொழில் தமிழர் கண்ணுக்குப் புதியதன்று.

நம் தெருவில் கல் பதிக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் சிவப்புக் கற்களைக் கொட்டி, சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து அவர் இனம் பிரிப்பதை நாம் பலமுறை பார்த்திருக்கின்றோம். நமக்கு எல்லாம் ஒரே சிவப்பு. அவருக்கோ அவை ஐந்து சிவப்பு. பிற்பகல் மூன்று மணியானால் வேலை பாதியில் இருந்தாலும் துணியை மடித்துவிடுவார். "ஏன் ஐயா, இன்னும் வெளிச்சம் இருக்கிறதே?" என்று ஒருநாள் கேட்டோம். "வெளிச்சம் இருக்கிறது தம்பி, கண் இல்லையே! இதற்குமேல் அது பொய் சொல்லும்" என்றார். அவ்விடையைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டி வரும் என்று அன்று நாம் எண்ணவில்லை.

இனி, விளையாட்டுக்கு வருவோம். கணிப்பொறியில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியிலேயே ஆடக்கூடியது இது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நிறுவ வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தால் ஆட்டம் ஆயத்தம். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். ஆக 64 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, வெள்ளை என்று ஏழு வகை; வகைக்கு ஒரு வடிவம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மணிகளை நாம் இடம் மாற்றலாம். அங்ஙனம் மாற்றும்போது ஒரே வகை மணிகள் மூன்றோ அதற்கு மேலோ நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நின்றால் அவை மறையும். மேலுள்ள மணிகள் கீழே சரியும். உச்சியிலிருந்து புதிய மணிகள் விழும். நில்லாவிட்டால் மாற்றிய மணிகள் தம் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். மாற்றுவதற்கு எந்த வழியும் இல்லாத நிலை வந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவே சட்டம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் கற்பித்துவிடலாம்.

இவ்வாட்டத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1994ஆம் ஆண்டில் ரஷ்யாவைச் சேர்ந்த யெவ்கேனி அலெம்சின் என்பவர் 'ஷாரிக்கி' என்ற ஆட்டத்தை ஆக்கினார். சிறு பந்துகள் என்பது அப்பெயரின் பொருள். அடுத்தடுத்த பந்துகளை மாற்றி மூன்றைச் சேர்க்கும் முறை அதில் இருந்தது. பின்னர், ஜான் வெச்சி, பிரையன் ஃபீட்டி, ஜேசன் கபால்கா என்னும் இளைஞர் மூவர் 2000ஆம் ஆண்டில் 'பாப்கேப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். உலாவியில் ஆடும்படி அவர்கள் ஆக்கிய மணி விளையாட்டுக்கு முதலில் 'டயமண்ட் மைன்', அதாவது வைரச் சுரங்கம், என்று பெயர். பின்னர் அது 'பிஜுவல்டு' என்ற பெயரோடு உலகெங்கும் பரவிற்று. 2011ஆம் ஆண்டில் 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்னும் பெரிய நிறுவனம் பாப்கேப்பை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டில், மணிகளுக்குப் பதிலாக மிட்டாய்களை வைத்து 'கிங்' நிறுவனத்தார் வெளியிட்ட 'கேண்டி கிரஷ்' தோன்றியது. நம் ஊர்ப் பேருந்துகளில் பயணம் செய்வோரின் கைகளிலும் அதை நாம் கண்டிருக்கின்றோம்.

உலாவியில் ஆடிய பழைய ஆட்டங்கள் பலவும் 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளின் துணை கொண்டு இயங்கின. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் பல்லாயிரம் சிறு ஆட்டங்கள் இயக்கம் இழந்தன. மணி ஆட்டமோ வேறு நுட்பங்களால் மீண்டும் எழுதப்பட்டு உயிர் பிழைத்துக்கொண்டது. எளிய சட்டம் உடைய விளையாட்டுக்கு அழிவு எளிதில் வருவதில்லை போலும்.

எளிய சட்டம் என்றோம், ஆட்டமும் எளிதுதானா? பார்ப்போம். எட்டுக்கு எட்டுப் பலகையில் அடுத்தடுத்த இணைகள் கிடையாக 56, நெடுக்காக 56, ஆக 112. இந்த 112 மாற்றங்களில் எது பயன் தரும் என்பதைக் கண் தேட வேண்டும். தொடக்கத்தில் நாம் ஒவ்வொரு மணியாகப் பார்த்தோம். சில நாட்களுக்குப் பின், கண் மணியை விட்டு அமைப்பைத் தேடக் கற்றுக்கொண்டது. ஒரே வகை மணிகள் இரண்டு ஒட்டி நின்றால், மூன்றாவது மணி எங்கே இருந்தால் உதவும்? ஒவ்வொரு முனையிலும் மூன்று இடங்கள்: ஒரு கட்டம் தள்ளி அதே கோட்டில் ஓர் இடம், அவ்விடைக் கட்டத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு இடங்கள். இரு முனைகளுக்குமாக ஆறு இடங்களைப் பார்த்தால் போதும். நடுவே ஒரு கட்டம் விட்டு இரண்டு மணிகள் நின்றால், அந்த இடைவெளியின் இரு பக்கங்களை மட்டும் பார்த்தால் போதும். இந்த இரண்டு பாடங்களே கைவந்தவரையும் புதியவரையும் பிரிக்கும் கோடு.

அடுத்து, எங்கே ஆடுவது என்பது ஒரு கலை. அடி வரிசையில் மூன்று மணிகளைக் கிடையாகச் சேர்த்தால், அவற்றின் மேலுள்ள 21 மணிகளும் ஒரு படி சரியும். மூன்று புதிய மணிகள் விழும். பலகையின் பெரும்பகுதி குலைவதால் நாம் எண்ணாத சேர்க்கைகள் தாமே நிகழும்; ஒன்று மறைய மற்றொன்று மறையப் புள்ளிகள் பொழியும். உச்சி வரிசையில் சேர்த்தாலோ எதுவும் சரியாது. மூன்று புதிய மணிகள் மட்டுமே வரும். எனவே, திடீர்ப் பேற்றை விரும்புவோர் அடியில் ஆடுவர். பலகையைத் தம் கட்டுக்குள் வைத்திருக்க விரும்புவோர் மேலே ஆடுவர். மனிதரின் இயல்பை அறிய இதுவும் ஒரு வழி என்றே சொல்லலாம். நாம் பல காலம் அடியிலேயே ஆடினோம் என்பதை நேயர்களிடம் ஒப்புக்கொள்கின்றோம்.

இத்தகைய ஆட்டத்தைக் கணித அறிஞர்களும் விட்டுவைக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் மூவர் இதனைப் பொதுமைப்படுத்தி ஆராய்ந்தனர். விழப்போகும் மணிகள் யாவும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், மிகச் சிறந்த ஆட்டம் எது என்று கணக்கிட விரைவான பொதுவழி எதுவும் அறியப்படவில்லை. அத்தகைய கடினமான கணக்குகளின் வகுப்பில் இதுவும் சேரும் என்று அவர்கள் நிறுவினர். நாமோ விழப்போவதையும் அறியோம், கணக்கும் இடுவதில்லை. ஆயினும் வென்றால் நம் திறமை என்கின்றோம். தோற்றால் மணிகளின் சதி என்கின்றோம்.

மூன்றைச் சேர்த்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மவருக்குப் புதியதா? பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்து என்று பரப்பி ஆடுவர். குழியில் நான்கு முத்துக்கள் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். இங்கே மூன்று மணி. அங்கே நான்கு முத்து. எண்ணிக்கை நிறைந்ததும் கை நீளும் அந்த மகிழ்ச்சி ஒன்றே. நம் இல்லத்துப் பல்லாங்குழியில் முத்து மஞ்சாடி விதை. செக்கச் சிவந்த அவ்விதை வெறும் விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்பது பொற்கொல்லரின் பழைய கணக்கு. பொன்னை நிறுத்த விதையே குழந்தைகளின் குழியிலும் விழுந்தது. தொழிலும் விளையாட்டும் ஒரே விதையைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது.

இவ்வளவு நன்மை பேசிய பின், நம் தவற்றையும் சொல்லிவிடுவதே முறை.

மொழிபெயர்ப்பு வேலை கண்ணையும் மனத்தையும் ஒருங்கே களைக்கச் செய்வது. சட்டச் சொற்களும் உட்பிரிவுகளும் நிறைந்த ஆங்கிலப் பத்திகளைத் தமிழாக்கி எழும்போது, தலைக்குள் ஒரு வண்டு ரீங்காரமிடும். அந்நேரத்தில் வண்ண மணிகள் ஓர் இளைப்பாறலாக வந்தன. நண்பகல் உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று தொடங்கினோம். பத்து இருபது ஆயிற்று. இடைவேளை முடிந்த பின்னரும் 'இந்தப் பலகை ஒன்று மட்டும்' என்றோம். இரவில் இல்லத்திலும் ஆடினோம். கண்ணை மூடினால் இமைக்குள் மணிகள் விழுந்தன. இது நமக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த இராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடன் பணியாற்றியோரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'டெட்ரிஸ்' என்னும் கட்டை அடுக்கும் ஆட்டத்தை ஆடியோர் பலர், உறக்கம் வரும் வேளையில் கட்டைகள் விழும் காட்சியைக் கண்டதாகக் கூறினர். நினைவாற்றலை இழந்து, ஆடியதையே மறந்துவிட்ட நோயாளிகள் சிலருக்கும் அக்காட்சி தோன்றிற்று என்பது வியப்பு. கண் கற்ற பாடத்தை மனம் மறந்தாலும் மூளை விடுவதில்லை.

அக்காலத்தில் ஒருநாள் ஓய்வூதியருக்கான அறிவிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் மூன்று தேதிகள் இருந்தன. முதலிரண்டும் ஒரு மாதத்தின் 30ஆம் நாள். மூன்றாவது, சான்றிதழ் ஒன்றை அளிப்பதற்கான கடைசி நாள், 20. நாம் எழுதிய தமிழில் மூன்றும் 30 ஆகிவிட்டன. சரிபார்த்தோம், கண்ணுக்குத் தவறு தென்படவில்லை. மூன்றும் ஒன்றாய் நேர்க்கோட்டில் நின்றமையால் கண் மகிழ்ந்துவிட்டதோ என்று பின்னர் எண்ணிக்கொண்டோம். அச்சுக்குப் போகும் முன், நம்மைவிட வயதில் இளைய அலுவலர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மெல்ல நம் மேசை அருகே வந்து, "சார், மூன்றாவது தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார். அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே நம்மை மிகவும் சுட்டது.

அவ்வறிவிப்பு அப்படியே வெளிவந்திருந்தால் என்ன ஆகும்? தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் 25ஆம் நாள் சாவகாசமாகப் பேருந்து ஏறி வந்திருப்பார். நாள் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். அந்த மாதத்து மருந்துக்கு அவர் யாரிடம் கை நீட்டியிருப்பார்? இவ்வெண்ணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. விளையாட்டின்மேல் பழியைப் போட நாம் விரும்பவில்லை. மணிகள் ஒரு குற்றமும் அறியாதவை. அத்தவறு விளையாட்டினால்தான் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கவும் இயலாது. ஆனால், அன்று பிற்பகல் வேலையைத் தொடங்கும்போது நம் கண் களைத்திருந்தது என்பதும், களைப்பாறுவதற்கென்று கிடைத்த அரைமணி நேரத்தை மேலும் களைப்பதற்கே செலவிட்டோம் என்பதும் உண்மை. கல் பதிக்கும் முதியவர் துணியை மடித்த காரணம் அப்போது புரிந்தது. கண் பொய் சொல்லத் தொடங்கிய பின்னும் நாம் துணியை மடிக்கவில்லை.

ஏன் மடிக்க இயலவில்லை? இதற்கும் அறிஞர்கள் விடை தேடியுள்ளனர். செய்த செயலுக்கு ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்தால் உயிரினம் விரைவில் சலித்துவிடும்; எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கிடைத்தாலோ விடாமல் செய்துகொண்டே இருக்கும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய பரிசு முறைகளை விரிவாக ஆராய்ந்தனர். அடி வரிசையில் ஒன்றைச் சேர்க்க, எண்ணாத நான்கு சேர்க்கைகள் தாமே பொழிவது அத்தகைய பரிசே. மேலும், முடிந்த வேலையைவிட முடியாத வேலையே நினைவில் நிற்கும் என்று புளூமா சைகார்னிக் என்னும் அம்மையார் 1927ஆம் ஆண்டில் எழுதினார். மணிப் பலகையோ என்றும் முடியாத வேலை. மூன்று மணிகள் மறைந்தால் மூன்று மணிகள் வரும். கட்டம் ஒருபோதும் காலியாவதில்லை. வயிறு நிறையாத விருந்து அது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும். காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு, இது வேறு. நம் நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டில் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, பொழுதுபோக்கு ஆட்டங்களை அவற்றினின்றும் பிரித்து வைத்திருக்கின்றது. மணி ஆட்டத்தில் நாம் ஒரு காசும் இழக்கவில்லை. ஆயினும் இழந்த பொழுதை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. விளையாட்டின்மேல் கட்டுப்பாட்டை இழந்து, வாழ்வின் பிற கடமைகள் யாவும் பின்தள்ளப்படும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு அது. ஆடுவோர் எல்லாரும் நோயாளிகள் என்று அதற்குப் பொருளன்று. நாமும் நோயுற்றோம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நோயின் வாசல் எத்திசையில் உள்ளது என்பதைத் தொலைவிலிருந்து கண்டோம்.

நன்மை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2009ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலி ஹோம்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அச்சந்தரும் படக்காட்சிகளைக் கண்டவர்கள் சிறிது நேரத்திற்குள் டெட்ரிஸ் ஆடினால், பின்னர் அக்காட்சிகள் தாமே மனத்தில் எழுந்து வருத்துவது குறைகின்றது என்று அதில் கண்டனர். கண்ணுக்கு வேலை கொடுத்தால் துயரக் காட்சி ஆழப் பதிவதில்லை போலும். மணி ஆட்டம் மனவழுத்தத்தைத் தணிக்கின்றது என்று அமெரிக்காவின் கிழக்குக் கரோலைனாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதற்குப் பொருளுதவி செய்தது ஆட்டத்தை விற்ற நிறுவனமே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் அனுபவம் இரண்டுக்கும் இடைப்பட்டது. முதல் பத்து நிமிடம் மனம் தெளிகின்றது. அதற்குப் பின் தெளிவு கலங்குகின்றது. மருந்தும் அளவு கடந்தால் வேறொன்றாகின்றதன்றோ?

தேதிச் செய்தி நிகழ்ந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. நாம் திரையின் முன் அமர்ந்திருந்தோம். ஆடுவதா விடுவதா என்று மனம் ஊசலாடிற்று. எழுபது வயதைக் கடந்த நம் அன்னையார் பின்னால் வந்து நின்று, மணிகள் சரிவதைச் சிறிது நேரம் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு எதிரே யார் உட்கார்ந்து ஆடுகிறார்கள்?" என்று கேட்டார். எவரும் இல்லை என்றோம். "அப்படியானால் போதும் என்று யார் சொல்வார்கள்?" என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. பல்லாங்குழியில் எதிரே ஓர் ஆள் உண்டு. அவருக்குக் கால் மரத்துப்போகும், அடுப்பில் குழம்பு கொதிக்கும், குழந்தை அழும். "போதும், நாளைக்கு ஆடலாம்" என்று அவர் எழுவார். குழிகளும் ஒத்துழைக்கும், ஒரு பக்கத்தார் முத்தை இழக்க இழக்க அவருக்குக் குழிகள் குறையும், இறுதியில் ஆட்டம் தானே முடியும். தோற்றவரின் முகத்தைப் பார்த்து, கையிலிருக்கும் முத்துக்களில் நாலைத் திருப்பிக் கொடுத்து ஆடச் சொல்லும் பெரியோரையும் கண்டிருக்கின்றோம். உலாவியில் எதிரே அமர்ந்திருப்பது களைப்பறியாத ஒரு பொறி. அதற்கு அடுப்பில்லை, குழந்தை இல்லை, மறுநாள் அலுவலகம் இல்லை. 'போதும்' என்னும் சொல்லை அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. அச்சொல்லை நாமே கொண்டு போக வேண்டும்.

அன்று அன்னையார் பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை எடுக்கச் சொன்னார். ஒரு மூட்டையில் இருந்த மஞ்சாடியை எண்ணிப் பார்த்ததில் எழுபதில் நான்கு குறைந்தது. அவற்றுக்குப் பதில் புளியங்கொட்டை நான்கை இட்டோம். முதல் ஆட்டத்திலேயே நாம் தோற்றோம். அறுபத்துநான்கு கட்டங்களில் பழகிய கண் பதினான்கு குழிகளில் தடுமாறியது. அன்னையார் முத்தைக் கையில் எடுக்கும்போதே அது எந்தக் குழியில் முடியும் என்று அறிந்திருந்தார். நாம் எண்ணி எண்ணிப் போட்டோம். மூன்றாம் ஆட்டத்தின் நடுவே அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மணி பார்த்தோம்; முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அம்முக்கால் மணியில் தந்தையாரைப் பற்றியும், கடையில் நகை செய்யக் கொடுத்து ஏமாந்த ஒரு பழங்கதையைப் பற்றியும் நாம் கேளாத செய்திகள் சிலவற்றைக் கேட்டிருந்தோம்.

மணி விளையாட்டை நாம் விட்டுவிட்டோமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். விடவில்லை. பொய் சொல்வதில் பயனில்லை. இரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டோம். அலுவலகத்தில் ஆடுவதில்லை, உணவுக்குப் பின் வராந்தாவில் நடந்து, தொலைவில் உள்ள மரத்தைப் பார்த்துக் கண்ணை ஆற்றுகின்றோம். இல்லத்தில் ஆடும்போது ஒரு சிறு கடிகாரத்தைத் திரையின் அருகே வைத்து, பத்து நிமிடத்திற்கு ஒலிக்கும்படி முடுக்கிவிடுகின்றோம். அது ஒலித்ததும், அரிய சேர்க்கை ஒன்று கண்ணெதிரே காத்திருந்தாலும், பக்கத்தை மூடிவிடுகின்றோம். முதலில் அது வருத்தம் தந்தது. இப்போது, எடுக்காமல் விட்டு வந்த அந்த மூன்று மணிகளே நம் வெற்றி என்று தோன்றுகின்றது. அன்றியும், தேதி உள்ள எந்த அறிவிப்பையும் இளைய அலுவலரிடம் ஒருமுறை காட்டாமல் அனுப்புவதில்லை. எதிரே ஓர் ஆள் அமர்ந்திருப்பது ஆட்டத்திற்கு மட்டுமன்றி வேலைக்கும் நல்லது.

சென்ற வாரம் மாலையில் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்து போனோம். சாலைக் கடைகளில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. நகைக் கடைக் கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் வரிசை வரிசையாக மின்னின. பழக்கத்தால் கண் மூன்றை மூன்றாகத் தேடிற்று. நமக்கே சிரிப்பு வந்தது. மேத்தன் மணியின் கீழே ஒரு சிறுவன் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அண்ணாந்து நின்றான். கடா எப்போது முட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நாமும் சிறிது நேரம் அவர்களருகே நின்று, மேலே இருக்கும் அந்தத் தாடி முகத்தைப் பார்த்துவிட்டு, அன்னையார் காத்திருப்பார் என்ற நினைவோடு இல்லம் திரும்பினோம்.